பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு மேல் இருக்கும் சூப்பர்வைசருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

கானாடுகாத்தான் வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 ஆகஸ்ட் 19

பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக நடத்துகிறோம். ராணுவத்தில் ஓய்வு பெற்ற நான்கு பேர் வேலைக்கு இருந்தார்கள். ஒருவர் போன மாதம் நின்றுவிட்டார். சண்டை இல்லை, புகார் இல்லை. "நமக்குச் சரிவராது சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கள் சூப்பர்வைசர்கள் எல்லாம் ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்த சின்னப் பிள்ளைகள். ஓய்வு பெற்ற கர்னல் ஒருவரைக் கூப்பிட்டு அவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் முதலாளி. பலன் இருக்குமா?

ஆகஸ்ட் 19, இரவு

கர்னல் வேண்டாம்.

நல்ல மனிதராக இருப்பார், நன்றாகவும் பேசுவார். ஒழுக்கம், தேசம், தியாகம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போவார். மறுநாள் உங்கள் பிள்ளைகள் அந்த மூன்று பேருக்கும் சல்யூட் அடிப்பார்கள், ஒரு வாரத்துக்கு. மரியாதைக் குறைவால் யாரும் வேலையை விட்டுப் போவதில்லை. மரியாதை தேவைக்கு மேலேயே கிடைக்கிறது. கிடைக்காதது வேறு.

நானும் பட்டாளத்திலிருந்து வந்தவன்தான், தகவல் தொடர்பு பார்க்கிற சிக்னல்ஸ் பிரிவு. காரைக்குடிப் பக்கம் ஒரு நூற்பாலையில் முதலில் கேட், அப்புறம் ஸ்டோர், இப்போது ஷிப்ட் சூப்பர்வைசர்கள் எனக்குக் கீழே. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்த பிறகு சொல்கிறேன்: ஆளைக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால் ஒரு சுபேதாரைக் கூப்பிடுங்கள். ஆபீசருக்கும் ஜவானுக்கும் நடுவில் நின்று வேலை வாங்கியவர் அவர்தான். உங்கள் சூப்பர்வைசர் நிற்கிற இடமும் அதுவே.

ஆகஸ்ட் 20

நேற்று கேட்க மறந்தது. நின்றுபோனவரை என்ன வேலையில் வைத்திருந்தீர்கள்?

ஆகஸ்ட் 21

பதில் வந்துவிட்டது: "கேட்டில்தான் சார், மிலிட்டரிக்காரர் ஆச்சே."

சரி, இதைக் கொஞ்சம் நின்று பேசலாம். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேரை வாசலில்தான் நிறுத்துகிறார்கள். ராணுவத்தில் சமையல்காரர் இருக்கிறார், டிரைவர் இருக்கிறார், நர்சிங் உதவியாளர், வெல்டர், கிளார்க், ரேடியோ மெக்கானிக் எல்லாம் இருக்கிறார்கள். வெளியே வந்ததும் எல்லோர் கையிலும் ஒரு விசிலும் டார்ச்சும்.

நான் கேட்டில் நின்ற காலத்தில் மில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் அங்கே கேட்கும். ஓடும்போது இடையிடையே மூச்சு முட்டுகிற மாதிரி இழுக்கும், கரும்புகை தள்ளும். பில்டர் அடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பட்டாளத்தில் அந்த மாதிரி செட்டுகளோடு குடும்பம் நடத்தியவன். ஆனால் நான் போய்ச் சொல்லவில்லை. அது எலக்ட்ரீஷியன் வேலை, என் வேலை கேட். ஒருவருடைய டியூட்டிக்குள் உத்தரவில்லாமல் மூக்கை நுழைப்பது அங்கே பெரிய குற்றம். பொறுப்பில்லாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். வருஷக் கணக்கில் அப்படித்தான் என்னைப் பழக்கியிருந்தார்கள். "உனக்கு ஜெனரேட்டர் தெரியுமா?" என்று எந்த சூப்பர்வைசரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கியிருப்பேன்.

அதனால் பயிற்சியில் முதலில் வைக்க வேண்டியது டிஸ்சார்ஜ் புக்கைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது. ஓய்வு பெறும்போது கையில் கொடுக்கிற அந்தப் புத்தகத்தில் என்ன டிரேட் (தொழில்), எந்த ரெஜிமென்ட், நடத்தை எப்படி, மருத்துவப் பிரிவு என்ன என்று எல்லாம் இருக்கும். நம்ம ஊரில் எச்ஆர் அதை ஜெராக்ஸ் எடுத்து பைலில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். அதில் டிரேட் பக்கத்தைப் பார்த்துவிட்டு, எதிரே உட்காரவைத்து, "கடைசி அஞ்சு வருஷம் உங்க கையில என்ன வேலை இருந்துச்சு அண்ணே?" என்று கேட்டாலே போதும்.

ஆகஸ்ட் 21, சற்றுப் பின்

மருத்துவப் பிரிவு பற்றி ஒரு எச்சரிக்கை. "ஷேப்" என்று எழுதியிருப்பார்கள். மனநலம், காது, கை கால், உடல் திறன், கண் என்ற ஐந்தையும் தனித்தனியாக மதிப்பிடுவது. எல்லாம் சரி என்றால் ஷேப் ஒன்று. ஏதாவது ஒன்றில் எண் கூடியிருந்தால் அதில் குறை. அதை எச்ஆர் தெரிந்துகொள்ளட்டும். சூப்பர்வைசருக்கு "இவர் இந்த வேலை செய்யக் கூடாது" என்ற அளவு போதும். கேண்டீனில் உட்கார்ந்து பேசுகிற விஷயமாக அது ஆகக்கூடாது.

ஆகஸ்ட் 25

காது என்றதும் ஞாபகம் வந்தது.

எங்கள் ஸ்பின்னிங் பகுதியில் ஆர்ட்டிலரியில் இருந்த ஒருவர் வேலை பார்த்தார். சூப்பர்வைசர் என்னிடம் வந்து புலம்பினான்: "திமிரு சார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கிறதில்ல. மிலிட்டரிங்கிற நெனப்பு." நானே போய் நின்று பார்த்தேன். பையன் அவருடைய இடது பக்கம் பின்னாலிருந்து கூப்பிடுகிறான். அவர் பாட்டுக்கு அறுந்த நூலைப் பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறார். நான் சுற்றிப் போய் முன்னால் நின்று சாதாரணமாகப் பேசினேன். முகத்தைப் பார்த்ததும் பளிச்சென்று நிமிர்ந்து பதில் சொன்னார். அப்புறம் தனியாக விசாரித்தபோது சொல்கிறார், பீரங்கிக்குப் பக்கத்திலேயே இருந்து இடது காது போய்விட்டதாம். "ஏண்ணே சொல்லல?" என்றால், "கேக்கலயே."

அந்தப் பையனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: வலப்பக்கமாக வா, முகத்தைக் காட்டு, அப்புறம் பேசு. திமிர் போன இடம் தெரியவில்லை.

பீரங்கி, டேங்க், என்ஜின் ரூம் பக்கம் இருந்தவர்களுக்கு இது சகஜம். மனக்காயம், அதிர்ச்சி என்றெல்லாம் வகுப்பு எடுக்கிறவர்கள் காதையும் முட்டியையும் விட்டுவிடுகிறார்கள்.

செப்டம்பர் 2

"வெளிநாட்டில் இதற்கெல்லாம் ஆராய்ச்சி இருக்கிறதாமே, அதை அப்படியே எடுத்துப் போடலாமா?" என்று ஒருவர்.

இருக்கிறது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் லெஸ்லி ஹாமர் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவும் செய்தது, 2019-ல் வெளியானது. படையிலிருந்து வந்து சிவில் வேலையில் இருப்பவர்களின் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நீளமான வகுப்பெல்லாம் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பாடம், அதன் பிறகு "இன்றைக்கு நான் என்ன செய்தேன்" என்று சூப்பர்வைசரே குறித்துவைப்பது. எந்தக் கம்பெனிக்கு முதலில் பயிற்சி, எது காத்திருப்பது என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள்.

முடிவுதான் முக்கியம். பயிற்சி கொடுத்த இடமெல்லாம் ஒரே மாதிரி தேறிவிடவில்லை. மேலே இருப்பவரும் கூட வேலை பார்ப்பவர்களும் ஏற்கனவே ஓரளவு அனுசரணையாக இருந்த இடங்களில்தான் அந்த ஊழியர்களின் உடல்நலத்திலும் வேலையிலும் பலன் தெரிந்தது. காய்ந்து கிடந்த இடத்தில் ஒரு மணி நேரப் பாடம் ஒன்றும் முளைக்க வைக்கவில்லை.

இது தெரிந்த பிறகு "ஒரு நாள் வகுப்பு போதுமா" என்ற கேள்வியை நான் திருப்பிக் கேட்பேன். உங்கள் சூப்பர்வைசர் ரூம் பாய்க்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்கிறார்? துணி துவைக்கிற அம்மாவுக்குப் பேரன் காதுகுத்து என்றால் லீவு கொடுக்கிறாரா, முறைக்கிறாரா? அங்கே முறைக்கிறவர் இங்கே மட்டும் பட்டாளத்துக்காரரைத் தாங்கிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

குறித்துவைக்கிற யோசனை மட்டும் எனக்குப் பிடித்தது. எங்கள் மில்லில் ஷிப்ட் ரிப்போர்ட் நோட்டின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தேன். முதலில் பையன்கள் "நல்ல முறையில் பேசினேன்" என்று தினமும் ஒரே வரியை எழுதிவைத்தார்கள். கிழித்துப் போட்டுவிட்டு, யாரிடம், எதைப் பற்றி, அவர் என்ன கேட்டார் என்று எழுதச் சொன்னேன். அதற்கப்புறம் கொஞ்சம் பரவாயில்லை.

செப்டம்பர் 3

இதையும் பயிற்சியில் சேர்க்கவும்: ராணுவக் கேண்டீனில் சலுகை விலைக்கு வாங்குகிற கார்டு வைத்திருக்கும் ஊழியரிடம் சூப்பர்வைசர் ரம் பாட்டில் கேட்கக் கூடாது.

சிரிக்காதீர்கள். அந்தக் கோட்டா அவருக்கும் அவர் வீட்டுக்கும் உள்ளது. வாங்கிக் கைமாற்றினால் கார்டு போகும், போலீஸ் கேஸ் ஆனாலும் ஆகும். மாதம் பிறந்தால் "அண்ணே, நம்மள மறந்துடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்கிற மேலதிகாரியிடம் அவர் எப்படி முடியாது என்பார்? கொடுத்தாலும் சிக்கல், கொடுக்காவிட்டால் ஷிப்ட் மாறும். இந்த ஒன்றுக்காகவே வேலையை விட்ட ஆளை எனக்குத் தெரியும். பாட்டில் மட்டும் இல்லை, மிக்சி, குக்கர், ஏசி என்று நீளும் அந்தப் பட்டியல்.

செப்டம்பர் 11

"அவர்களுக்கு அரசு வேலையிலேயே ஒதுக்கீடு இருக்கிறதே, தனியார் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?"

மத்திய அரசில் குரூப் சி பதவிகளில் 10 சதவீதம், பழைய குரூப் டி-யில் 20 சதவீதம் என்று விதி இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் இன்னும் கூடுதல். தமிழ்நாட்டில் 1986-லிருந்து டெக்ஸ்கோ என்ற முன்னாள் படைவீரர் கழகம் இருக்கிறது, அரசு அலுவலகங்களுக்குக் காவலர், டிரைவர் எல்லாம் அனுப்புகிறது. ஆனால் சிப்பாயாகச் சேர்ந்தவர் நாற்பது வயதைச் சுற்றி வெளியே வந்துவிடுகிறார். பிள்ளை எட்டாவது படிக்கும். எல்லோருக்கும் அரசு நாற்காலி எங்கே இருக்கிறது? வீட்டோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே பாதிப் பேர் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று பக்கத்திலேயே வேலை தேடுகிறார்கள்.

செப்டம்பர் 14

உத்தரவு கொடுப்பதைப் பற்றி இன்னும் பேசவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேனேஜர் பொண்ணு சாயங்காலம் போகிற போக்கில், "அண்ணே, அந்த ஜெனரேட்டர் பக்கம் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. அதற்கு அர்த்தம் டீசல் இருக்கிறதா என்று ஒரு எட்டுப் பார். இவர் விடியும் வரை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், சாப்பிடப் போகவில்லை. காலையில் பாத்திரம் கழுவ வந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கு அவமானம், அந்தப் பொண்ணுக்கோ பயம். தப்பு யார் மேலும் இல்லை. எது வரைக்கும், எப்போது வரைக்கும், முடிந்ததும் யாரிடம் சொல்ல வேண்டும் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

இதைப் படித்துவிட்டு யாரும் "ஓ, அதட்டி உத்தரவு போடணும்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதட்டல் வேறு, தெளிவு வேறு. சினிமாவில் வருகிற மேஜர் மாதிரி பேசிய ஒரு சூப்பர்வைசரை எங்கள் ஆட்கள் டீக்கடையில் வைத்து எப்படி நடித்துக் காட்டினார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

செப்டம்பர் 20

நகரத்தார் வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுதியிருக்கிறார். பர்மா, மலேயா கடைகளில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று வரிசை இருந்ததையும், மூன்று வருஷக் கணக்கு முடித்து வருகிற மேலாள் அடுத்து வருபவரிடம் பற்று வரவு முழுவதையும் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவார் என்பதையும் சொல்லி, "இதில் உங்கள் பட்டாளத்துக்குப் புதுசாக என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

ஒன்றும் புதுசில்லை ஐயா, அதைத்தான் நானும் சொல்கிறேன். நான் ஸ்டோருக்கு வந்த புதிதில், எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றேன். பெல்ட், பேரிங், பாபின் என்று ஒவ்வொரு ரேக்காக எண்ணி, லெட்ஜரோடு ஒத்துப் பார்த்து, குறைவதைச் சிவப்பு மையில் எழுதி, அப்புறம்தான் சாவியை வாங்கினேன். முன்னால் இருந்தவர் "என்னைத் திருடன்கிறியா?" என்று குதித்தார். பட்டாளத்தில் சார்ஜ் எடுப்பது, அதாவது பொறுப்பேற்பது, என்றால் அப்படித்தான். இங்கே பலரும் அதைச் சந்தேகப்படுவதாக நினைக்கிறார்கள். புதிதாக ஒரு முன்னாள் ராணுவத்தினருக்குப் பொறுப்புக் கொடுக்கும்போது ஒரு அரை நாளை இதற்கு ஒதுக்கிவிட்டால் கசப்பே வராது.

அக்டோபர் 5

எப்படிக் கூப்பிடுவது? இருபத்து நாலு வயசுப் பிள்ளைக்குக் கீழே ஒரு ஓய்வு பெற்ற நாயப் சுபேதார் வேலை பார்த்தால்?

அண்ணே போதும். வயசு கூடியிருந்தால் ஐயா. "சாப்" என்று கேலியாகவோ மரியாதையாகவோ கூப்பிட வேண்டாம், அது அவர்களுக்குள் புழங்குவது. "மிலிட்டரி" என்று பட்டப்பெயர் வைப்பதைச் சிலர் ரசிக்கிறார்கள், சிலருக்கு எரிகிறது. கேட்டுக்கொள்ளுங்கள்.

தன்னைவிடச் சின்னவர் உத்தரவு போடுவது அவருக்குப் பழக்கம்தான். இருபத்து மூன்று வயது லெப்டினன்ட் வந்து நிற்பதைப் பார்த்தவர்கள் அவர்கள். அவருக்குப் பொறுக்காதது, தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிற சின்னவர்.

அக்டோபர் 9

யாரும் கேட்காத ஒன்றை நானே எழுதுகிறேன்.

லங்கரில், அதாவது பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், எல்லோரும் ஒரே வரிசையில் தட்டை நீட்டிச் சாப்பிட்டவர்கள். பஞ்சாப்காரன், கூர்க்கா, மலையாளி, நம்ம ஆள் எல்லாம் ஒரே பாரக்கில் படுத்தவர்கள். இங்கே வந்து வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு சூப்பர்வைசர் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஊரு?" இரண்டாவது, "அதுல எந்தத் தெரு?" பதில் கிடைத்ததும், யார் சாக்கடை அடைப்பு எடுப்பது, யார் சாமி அறைப் பக்கம் போகலாம் என்று மனசுக்குள் ஒரு பட்டியல் தயாராகிவிடும். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கிற சூப்பர்வைசருக்கு வகுப்பு எல்லாம் வேண்டாம், எழுத்தில் மெமோ கொடுங்கள்.

அக்டோபர் 22

தீபாவளி முடிந்ததும் எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: "வெடிச் சத்தத்துக்கு அவர்கள் பயப்படுவார்களா?"

சிலருக்கு இருக்கும். நான் பார்த்தவர்களில் அதிகம் பேர் பிள்ளைகளோடு சேர்ந்து அவர்களே சரம் கொளுத்துகிறார்கள். கவனிக்க வேண்டியது தூக்கத்தை. தொடர்ந்து இரவு ஷிப்ட் தானாகவே கேட்டு வாங்குகிறவர் ஏன் கேட்கிறார் என்று ஒரு தடவை யோசியுங்கள். இரவில் வீட்டில் படுத்தால் தூக்கம் வரவில்லை என்பதாலும் இருக்கலாம். சூப்பர்வைசர் டாக்டர் ஆக வேண்டாம். "தூக்கம் எப்படிண்ணே?" என்று தனியாகக் கேட்கலாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், இலவசம். அந்த எண்ணை நோட்டீஸ் போர்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒட்டுங்கள், அவருக்கு மட்டும் தனியாகக் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

லீவு பற்றியும் இங்கேயே. ஈசிஎச்எஸ் என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் சீட்டு வாங்கி, அப்புறம் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் ஒரு நாள் போய்விடும். பென்ஷன் வாழ்நாள் சான்று, சிவகங்கையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று வருஷத்தில் சில நாட்கள் இப்படி ஆகும். பெர்மிஷன் கேட்டு நிற்கும்போது "எப்பப் பாத்தாலும் ஆஸ்பத்திரியா?" என்று வாயை விடாமல் இருந்தால் சரி.

நவம்பர் 6

முடியாது என்று சொல்ல வைப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பாடம்.

ஆத்தங்குடியில் ஓடு போடுகிற பட்டறை ஒன்று. கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, கலர் சிமென்ட்டைக் கட்டம் கட்டமாக ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு அழுத்துகிற வேலை. தரையில் குந்தியே நாள் முழுவதும் ஓடும். மலைப் பிரதேசத்தில் வருஷக்கணக்கில் சுமை தூக்கி முட்டி போன ஒருவர் அங்கே சேர்ந்தார். கை நல்ல சுத்தம், கலர் ஒரு சொட்டுக் கூட அடுத்த கட்டத்துக்குப் போகாது. ஆனால் எழுந்திருக்கும்போது ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடித்தார். முதலாளி "முடியலன்னா சொல்லுங்க" என்பார், அவர் "ஒண்ணுமில்ல முதலாளி, ஆயிரும்" என்பார். இப்படியே ஓடியது. கடைசியில் முதலாளி கேட்பதை நிறுத்திவிட்டு, இடுப்பு உயரத்துக்கு ஒரு கல்மேடை கட்டி, அதன் மேல் கண்ணாடியை வைத்தார். "இனிமே எல்லாரும் இங்க நின்னு போட்டுப் பழகுங்க" என்று பொதுவாகச் சொன்னார். மற்ற ஆட்கள் முனகினார்கள், பிறகு அவர்களும் மேடைக்கே வந்துவிட்டார்கள்.

"முடியுமா" என்று கேட்டால் முடியும் என்ற பதில்தான் வரும். "இந்த வேலையில எது கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஆமாம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

டிசம்பர் 7

இன்று படைவீரர் கொடிநாள். சட்டையில் கொடியைக் குத்தி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிய மூன்று முதலாளிகளுக்கு வணக்கம். உண்டியலில் காசும் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

டிசம்பர் 12

கானாடுகாத்தானிலிருந்து தகவல். ஒரு சுபேதாரைப் பிடித்து, வளவில் (வீட்டு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) ஜமுக்காளம் விரித்து உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் பேசவிட்டார்களாம். பிள்ளைகள் நிறையக் கேட்டார்களாம். அடுத்து அக்னிவீரர்கள் வருவார்களே, அவர்களுக்கும் இதே முறைதானா என்று கேட்கிறார் அந்த வாசகர்.

பாதிதான் பொருந்தும். அக்னிவீரர் என்பது 2022-ல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர், படையில் நான்கு வருஷம், அவர்களில் 25 சதவீதம் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். முதல் அணி 2026 கடைசியிலிருந்து வெளியே வரத் தொடங்கும். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசு. இவர்களுக்கு "கடைசி அஞ்சு வருஷம்" என்ற கேள்வியே கிடையாது, முட்டியும் காதும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். வேலை கற்றுக்கொடுக்க வேண்டும், சேர்ந்த ஆறு மாதத்துக்குள் அடுத்த படி என்ன என்று காட்ட வேண்டும். கூடப் படித்தவன் அதற்குள் இன்ஜினியராகியிருப்பான், அந்த எரிச்சல் கொஞ்சம் இருக்கும்.

இன்னொன்று சம்பளம். பழைய ஆட்களிடம் "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதுல்ல" என்று சொல்லி இரண்டாயிரம் மூவாயிரம் குறைத்துக் கொடுக்கிற வழக்கம் இந்தப் பக்கம் நிறைய இருக்கிறது. அதுவே அநியாயம், பென்ஷன் அவர் முன்பு செய்த வேலைக்கு வருவது. அக்னிவீரருக்கோ அந்தப் பென்ஷனும் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் கிடையாது, முடிக்கும்போது மொத்தமாக ஒரு தொகை, அவ்வளவுதான். சூப்பர்வைசருக்குப் பயிற்சி கொடுப்பதற்கு முன்னால் உங்கள் முதலாளியோடு உட்கார்ந்து இந்தச் சம்பளக் கணக்கைப் பேசி முடித்துவிடுங்கள்.